மூன்று நாள் திருமணத் தயாரிப்புப் பயிற்சி: மடத்திலும் இருந்து பார்த்தவள் எழுதுகிறேன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை, வேலூருக்குப் பக்கத்தில் ஒரு மேய்ப்புப்பணி நிலையத்தில் தங்கி, நானும் எனக்கு நிச்சயமானவரும் திருமணத் தயாரிப்புப் பயிற்சியை முடித்துவிட்டு வந்தோம். கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஓலை, அதாவது பூசையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, எழுதப் போனால் ஞானஸ்நானச் சான்றிதழோடு இந்தப் பயிற்சியின் சான்றிதழையும் பங்குச் சாமியார் கேட்பார். அந்தத் தாளுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். எப்படி இருக்கும், லீவு போடணுமா, சாப்பாடு எப்படி என்று எனக்குத் தெரிந்த மூன்று பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நிலையத்தின் பெயரைப் போடவில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன். அங்கே எங்களைக் கவனித்துக்கொண்டவர்கள் மனசு நோகக் கூடாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்வது புரியும். நான் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுக்காரி. லூர்து மாதா கோவில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். பி.காம். முடித்த கையோடு ஒரு துறவற சபையில் சேர்ந்து மூன்று வருடம் எட்டு மாதம் இருந்தேன். ஆஸ்பிரன்டாக, அதாவது சேர்ந்து பார்க்கிறவளாக, ஒரு வருடம், அடுத்த நிலையில் ஒரு வருடம், அப்புறம் நவதுறவகம் என்ற துறவறப் பயிற்சி. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதலோடு வாழ்வேன் என்று வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு நான்கு மாதம் இருக்கும்போது வெளியே வந்தேன். யாரும் என்னை அனுப்பவில்லை, யாரோடும் எனக்குச் சண்டையும் இல்லை. இது என் வழி இல்லை என்று ஜெபத்தில் தெளிவானது, எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் சொன்னேன், அவர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொன்னார், பொறுத்தேன், வந்தேன். இப்போது வேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 29. எனக்கு நிச்சயமானவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர்.

ஆக, திருச்சபை ஒரு பெண்ணை மடத்துக்கு எப்படித் தயார் செய்கிறது என்பதையும் பார்த்தேன், கல்யாணத்துக்கு எப்படித் தயார் செய்கிறது என்பதையும் இப்போது பார்த்துவிட்டேன்.

நடைமுறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஆளுக்கு 800 ரூபாய். நாங்கள் 19 ஜோடி. பெண்களுக்குத் தனிக் கூடம், ஆண்களுக்குத் தனிக் கூடம், இரும்புக் கட்டில், மெத்தை உண்டு, போர்வை இல்லை. போர்வையும் ஓடோமாஸும் கட்டாயம் எடுத்துப் போங்கள். செல்போனை வகுப்பு நேரத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள், அது நல்லதுதான். சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மதியம் முள்ளுக் கத்திரிக்காய் போட்டுக் காரக்குழம்பு வைத்தார்கள். காம்பு பக்கம் முள் குத்தும் அந்தப் பிஞ்சுக் காய் எங்கள் பக்கத்தில் மட்டும்தான் அந்தப் பக்குவத்தில் வேகும். ஞாயிறு பிரியாணி. ஆம்பூர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதால் அதைப் பற்றி நான் கருத்துச் சொல்லவில்லை, அவர் இரண்டாம் முறை வாங்கினார்.

இப்போது வகுப்புகளுக்கு வருகிறேன்.

சனி காலை முதல் வகுப்பு எடுத்தவர் நடுத்தர வயது ஃபாதர் ஒருவர். வந்ததும் கரும்பலகையில் "இறையழைத்தல்" என்று எழுதி, இதைக் கேட்டதும் யார் நினைவுக்கு வருகிறார்கள் என்று கேட்டார். சாமியார், சிஸ்டர், பிரதர் என்று பதில்கள் வந்தன. 38 பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவர்கூட "கல்யாணம்" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஃபாதர் சிரிக்காமல், "அப்போ உங்களை யாரும் கூப்பிடலையா? நீங்களா வந்துட்டீங்களா?" என்று கேட்டார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்த் தைத்தது என்று சொல்ல வேண்டும். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, இறையழைத்தலுக்காக உலகமெங்கும் ஜெபிக்கும் நாள். திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில், 1964இல் தொடங்கியது. எங்கள் ஊர்க் கோவிலில் அன்று குருக்களுக்காகவும் கன்னியர்களுக்காகவும் மன்றாட்டு சொல்வார்கள். நான் மடத்தில் சேர்ந்த வருடம் அம்மா அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பூசை முடிந்து பத்துப் பேர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கொடுத்து வைத்தவள்" என்றார்கள். நான் திரும்பி வந்த வருடம் அம்மா தூண் பக்கம் கடைசி வரிசைக்கு மாறிவிட்டார். நான் குடும்ப வாழ்க்கைக்கு வந்ததை ஊர் அழைத்தலாகப் பார்க்கவில்லை, கைவிட்டதாகப் பார்த்தது. "மடத்திலிருந்து ஓடி வந்தவள்" என்று ஒரு சித்தி என் காதுபடவே சொன்னார். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பம் அதைக் கேட்டே திரும்பிப் போனது.

அதனால் ஃபாதர் கேள்வி நேரம் கொடுத்ததும் முதலில் எழுந்தது நான்தான். நவதுறவகத்தில் படித்த ஒன்று எனக்குள் பல வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணம் பற்றிய சட்டங்களை வகுத்தபோது, கன்னிமையைவிட அல்லது மணத்துறவைவிடத் திருமண நிலையே மேலானது என்று சொல்பவர் திருச்சபைக்குப் புறம்பானவர் என்று எழுதியது. கன்னிமையில் நிலைத்திருப்பதே சிறந்தது, அதிகப் பேறுடையது என்பதையும் மறுக்கக் கூடாது என்றது. "அப்படியானால் நாங்கள் எல்லாரும் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்கிறவர்களா, ஃபாதர்?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதில் நன்றாக இருந்தது. அந்தக் காலத்தில் துறவற வாழ்வுக்கே அர்த்தம் இல்லை என்று மறுத்தவர்களுக்குப் பதிலாக அந்த வரி எழுதப்பட்டது என்றார். திருச்சபை மேலானது என்று சொல்வது அந்த நிலையை, அதில் இருக்கும் ஆளை இல்லை என்றார். விண்ணகத்தில் யாரும் பெண் கொள்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த வாழ்வை இப்போதே அடையாளமாக வாழ்ந்து காட்டுகிறவர் சிஸ்டர். கிறிஸ்து திருச்சபையை எப்படி நேசிக்கிறார் என்பதை எபேசியர் மடலில் பவுல் சொல்கிற மாதிரி வீட்டுக்குள் வாழ்ந்து காட்டுகிறவர்கள் கணவனும் மனைவியும். ஒன்று வரப்போவதைக் காட்டுகிறது, மற்றது இங்கேயே இருக்கும் அன்பைக் காட்டுகிறது. யார் அதிகப் புனிதர் என்பது யார் அதிகம் நேசிக்கிறார் என்பதைப் பொறுத்தது.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டுப் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஞானஸ்நானம் போன்ற ஏழு அருளடையாளங்களில் திருமணம் ஒன்று, துறவற வார்த்தைப்பாடு அதில் இல்லை. அது மட்டுமா, இந்த அருளடையாளத்தை வழங்குவது குருவும் இல்லை. மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். குரு திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்கிறார். "கோவில்ல நான் செய்யற எதையும்விட நீங்க அன்னிக்குச் செய்யறது பெரிசுன்னு நினைச்சுக்கிட்டு வாங்க" என்றார்.

பதில் நன்றாக இருந்தது, நேரம்தான் போதவில்லை. பத்து நிமிடத்தில் மணி அடித்துவிட்டார்கள். அவர் சொல்லாமல் விட்டதை நான் இங்கே சேர்க்கிறேன், ஏனென்றால் என்னைப் போல இந்தக் கேள்வியோடு போகிறவர்கள் இருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், புனிதத்துக்கான அழைப்பு எல்லா நிலையில் உள்ளவர்களுக்கும் பொதுவானது என்று தெளிவாகவே சொன்னது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதருக்கு உள்ள அடிப்படை அழைப்பு அன்புக்கான அழைப்பு, அதை முழுமையாக வாழ இரண்டு வழி, ஒன்று திருமணம், மற்றது கன்னிமை என்று எழுதினார். துறவறத்துக்கு உள்ள தனிச் சிறப்பையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் "அன்பின் மகிழ்வு" என்ற ஊக்கவுரையில், ஒன்று மேல் என்று பேசிக்கொண்டிருப்பதைவிட இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்று காட்டுவதே போதும் என்கிறார். இதில் யாரும் திரெந்தை அழித்து எழுதவில்லை. கோணம் விரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்தது இதற்கெல்லாம் முந்தியது. நான்காம் நூற்றாண்டில் பிறந்த புனித யோவான் கிறிசோஸ்தோம் சொன்னது: திருமணத்தை இழிவாகப் பேசுகிறவன் கன்னிமையின் மகிமையையும் சேர்த்துக் குறைக்கிறான். நல்லதைவிட நல்லதாக இருப்பதுதான் சிறந்தது, கெட்டதோடு ஒப்பிட்டு நல்லதாகத் தெரிவது சிறப்பாகாது என்பது அவர் வாதம். இன்றைய மறைக்கல்வி நூலும் அதை எடுத்துப் போட்டிருக்கிறது. என் சித்திக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

அடுத்து, கல்யாணமாகி 34 வருடமான ஒரு தம்பதி வந்து பேசினார்கள். கணவர் ராணிப்பேட்டையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு கொஞ்சம் நீளம். ஆனால் அவருக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைப் பற்றி அந்த அம்மா சொன்னதை மறக்க முடியாது. ஷேவ் செய்துவிடத் தெரியாமல் முதல் நாள் கன்னத்தைக் கீறிவிட்டாராம், அவர் பேச முடியாமல் கண்ணாலேயே சிரித்தாராம். "உடல்நலத்திலும் நோயிலும்னு கோவில்ல சொன்னப்ப நோய்ங்கிற வார்த்தை வாய்ல வந்துச்சு, மனசுல வரல. அந்த ரேசரைப் பிடிச்சப்பதான் வந்துச்சு" என்றார்.

வீட்டு வரவு செலவு பற்றிப் பேச வந்த வங்கி அதிகாரி வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லா ஸ்லைடும் ஆங்கிலத்தில். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் பாதிப் பேருக்கு ஒன்றும் ஏறவில்லை. தமிழில் தயாரித்துக் கொடுங்கள் என்று கருத்துத் தாளில் எழுதியிருக்கிறேன்.

பயிற்சியின் உயிர் எது என்று கேட்டால் சனி மதியம் ஒரு சிஸ்டர் எடுத்த வகுப்பு. அறுபது வயதிருக்கும், கவுன்சலிங் படித்தவர். சண்டை வந்தால் எப்படிப் பேசுவது என்று ஆரம்பித்தார். பின்னால் இருந்த ஒரு தம்பி, "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க, கல்யாணமே பண்ணாத உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டான். சிஸ்டர் கோபப்படவில்லை. "தம்பி, நீ ஒருத்தங்களோட வாழப்போற, அவங்களை நீயே பார்த்துச் சரின்னு சொல்லியிருக்க. நான் 38 வருஷமா வீட்டுக்கு ஆறு பேரோட வாழறேன். ஒருத்தரையும் நான் தேர்ந்தெடுக்கல. பக்கத்து ரூம் சிஸ்டர் ராத்திரி பத்து மணிக்கு எண்ணெய்க் கிண்ணத்தை ஸ்பூனால தட்டித் தட்டித் தைலம் காய்ச்சுவாங்க. அதைப் பத்தி அவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்கு ஒரு வருஷம் பிடிச்சுது" என்றார்.

எனக்கு நவதுறவகத்துச் சமையலறை அப்படியே கண்முன் வந்தது. நாங்கள் பதினோரு பேர். தோசைக்கல்லைக் கழுவி எந்தப் பக்கம் சாய்த்து வைப்பது என்பதில் நானும் இன்னொருத்தியும் மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். மிஸ்ட்ரஸ் சிஸ்டர் எங்கள் இருவரையும் ஒரு மாதம் சேர்ந்தே தோசை சுடச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவள் எந்தப் பக்கம் சாய்ப்பாள் என்று தெரிந்து நான் கல்லை அந்தப் பக்கமே சாய்த்துவிட்டிருந்தேன், அவள் எனக்காக மறுபக்கம் சாய்த்தாள். அங்கே கற்றதை வைத்துத்தான் நான் இனி ஆம்பூரில் குடித்தனம் நடத்தப் போகிறேன். அந்த நாலு வருடம் வீண் என்று சொல்கிறவர்களுக்கு இது தெரியாது.

அப்புறம் சிஸ்டர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். நான்காக மடித்த வெள்ளைத்தாள், நான்கு கட்டத்தில் நான்கு கேள்வி. உனக்கு என்ன கடன், உன் சம்பளத்தை நம்பி யார் யார், உனக்கு என்ன வியாதி, எதைச் சொல்லப் பயப்படுகிறாய். ஜோடிகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து எழுத வேண்டும். இருபது நிமிடம். பிறகு தாளை மாற்றிக்கொண்டு பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

அவர் தாள் என் கைக்கு வந்தது. முதல் கட்டத்தில் நீல பால்பாயின்ட் பேனாவில், அப்பா ஆபரேஷனுக்கு வாங்கியது என்று எழுதி அதற்குக் கீழே ஒரு தொகை. 2,80,000. அந்த 2 மற்ற எண்களைவிடத் தடித்திருந்தது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதலில் 1 என்று எழுதி, அதன்மேல் இரண்டு மூன்று முறை அழுத்தி 2 ஆக்கியிருந்தார். தாளின் பின்பக்கம் அந்த இடம் மட்டும் புடைத்திருந்தது, விரலால் தடவினால் தெரிந்தது. நிச்சயத்தின்போது "கொஞ்சம் கடன் இருக்கு" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். குறைத்துச் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்து, மாட்டேன் என்று மாற்றியிருக்கிறார். அந்தப் பத்து நிமிடம் பேசக் கூடாது என்று விதி இருந்தது நல்லதாகப் போயிற்று, பேசியிருந்தால் என் குரல் உடைந்திருக்கும்.

மடத்தில் ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்குத் தயாராகிறபோது, பஸ்ஸுக்கு 20 ரூபாய் வாங்கினால் திரும்பி வந்து டிக்கெட்டையும் மீதி நாலு ரூபாயையும் மேஜையில் வைக்க வேண்டும். முதலில் எனக்கு அது அவமானமாக இருந்தது. போகப் போகத்தான் புரிந்தது, என்னுடையது என்று ஒளித்துவைக்க எதுவும் இல்லாத இடத்தில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதி அன்று அந்தத் தடித்த 2ஐப் பார்த்தபோது எனக்கு வந்தது. கல்யாணத்தில் ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. ஆனால் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் மேஜையில் வைக்கிற வேலை இங்கேயும் இருக்கிறது.

நான் என்ன எழுதினேன் என்று அவரிடம் கேட்காதீர்கள். நானே சொல்கிறேன். நான்காம் கட்டத்தில், "என்றாவது கோபத்தில் 'உனக்கு மடம்தான் லாயக்கு' என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம்" என்று எழுதியிருந்தேன். மௌனம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். வெயில் இறங்கவே இல்லை, வேலூர் வெயில். அவர் ரொம்ப நேரம் கழித்து, "நீ அங்க என்ன ஜெபம் சொல்லுவியோ அதை நம்ம வீட்லயும் சொல்லலாம்ல?" என்று கேட்டார். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் பேச இருந்தது. கடனை எப்படி அடைப்பது, யார் சம்பளத்தில் எவ்வளவு, அவர் தங்கையின் நகை அடகில் இருக்கிறதே அது என்ன. அதற்குள் கைமணி அடித்தார்கள், அடுத்த வகுப்பு.

என் பெரிய குறை இங்கேதான்.

ஒரு பெண் சிஸ்டராக வேண்டுமென்றால் திருச்சபைச் சட்டம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறது பாருங்கள். நவதுறவகத்துக்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கே குறைந்தது 12 மாதம். அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்று வருடம், ஆறு வரை போகலாம், தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கும்போது போகலாமா இருக்கலாமா என்று அவளும் யோசிக்கலாம், சபையும் யோசிக்கலாம். நிரந்தர வார்த்தைப்பாடு எடுத்தபிறகும், கனமான காரணம் இருந்தால் அதிலிருந்து விடுவிக்கத் திருச்சபைக்கு அதிகாரம் உண்டு.

கல்யாணத்துக்குத் தற்காலிக வார்த்தைப்பாடு கிடையாது. ஒரே நாள், ஒரே சம்மதம். திருமுழுக்குப் பெற்ற இருவர் முறைப்படி மணந்து கூடி வாழ்ந்துவிட்டால், மரணத்தைத் தவிர எந்த மனித அதிகாரமும் அதைப் பிரிக்க முடியாது என்கிறது அதே சட்டம். அவிழ்க்கவே முடியாத முடிச்சுக்கு மூன்று நாள், அவிழ்க்க வழியுள்ள முடிச்சுக்கு ஏழெட்டு வருடம். நான் இரண்டு பக்கமும் இருந்ததால் இந்த வித்தியாசம் எனக்குக் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் போலத் தெரிகிறது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2022இல் வத்திக்கான் வெளியிட்ட திருமணத் தயாரிப்பு வழிகாட்டியின் முன்னுரையில், குருக்களையும் துறவிகளையும் தயாரிக்க வருடக்கணக்கில் நேரம் கொடுக்கிற திருச்சபை மணமக்களுக்குச் சில வாரம்தான் கொடுக்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸே வருத்தப்பட்டார்.

வேலைக்குப் போகிறவர்களை வருடக்கணக்கில் தங்கவைக்க முடியாது, அது எனக்கும் தெரியும். மூன்று நாளை மூன்று மாதத்தில் மூன்று ஞாயிறாகப் பிரிக்கலாமே. முதல் ஞாயிறு அந்தத் தாளை எழுத வைத்து அனுப்பினால், இடையில் ஒரு மாதம் பேசிவிட்டு வருவார்கள். இப்போது நடப்பது போல, கடன் தொகையைப் படித்த கையோடு இயற்கை முறைக் குடும்பத் திட்டமிடலுக்குப் போய் உட்கார்ந்தால் யார் காதில் ஏறும்? அந்த வகுப்பை எடுத்த டாக்டரம்மா நன்றாகவே விளக்கினார், பில்லிங்ஸ் முறை அட்டவணையெல்லாம் கொண்டு வந்திருந்தார். 45 நிமிடத்தில் முடிக்கச் சொன்னதால் ஓடினார். பெண்கள் கூச்சத்தில் கேள்வி கேட்கவில்லை. இரவு கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம், சரியான பதில் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொரு குறை, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மூன்று நாளில் வரதட்சணை என்ற வார்த்தையை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. எங்கள் கூடத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு 15 பவுன் பேசியிருந்தார்கள், அவள் அப்பா நிலத்தை விற்கிறார், அவள் ராத்திரி அழுதாள். 1961 முதல் நாட்டின் சட்டம் தடுக்கிறது. திருச்சபையின் பழைய வழக்கத்தையும் பாருங்கள். 1917இன் சட்டத் தொகுப்பில், அடைபட்ட மடங்களில் சேரும் கன்னியர் சீதனம் கொண்டுவர வேண்டும் என்று விதி இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. நான் மடத்துக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டி, நாலு சேலை, ஒரு கோரைப் பாய், அவ்வளவுதான் கேட்டார்கள். கிறிஸ்துவுக்கு மணமகளாகப் போகிறவளிடம் கேட்காததை ஒரு பையனுக்கு மணமகளாகப் போகிறவளிடம் கேட்பதைக் கோவில் எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம்? ஓலை எழுதும் மேஜையிலேயே இதைக் கேட்க வேண்டும். கருத்துத் தாளில் இதைத்தான் முதலில் எழுதினேன், பெயரும் கையெழுத்தும் போட்டு.

வகுப்பறைச் சுவரில் புனித தேவசகாயம் படம் மாட்டியிருந்தார்கள், கையில் சங்கிலியோடு. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர், நம் நட்டாலத்துக்காரர், குருவும் இல்லை துறவியும் இல்லை, ஞானப்பூ அம்மாளின் கணவர். மூன்று நாளும் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம், அவர் ஒரு குடும்பஸ்தர் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் பெற்றோரையும் சொல்லவில்லை. நவதுறவகத்தில் சாப்பாட்டு நேர வாசிப்பில் அவர்களைப் பற்றிக் கேட்டது என் வாழ்க்கையையே திருப்பியது. லூயி மார்ட்டின், கடிகாரம் செய்பவர். துறவியாக மலைமேல் இருந்த மடத்துக்குப் போனார், லத்தீன் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். செலி, லேஸ் பின்னுபவர். சிஸ்டராகப் போனார், அவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1858இல் பிரான்சின் அலென்சோன் ஊரில் இருவரும் கல்யாணம் செய்தார்கள். ஒன்பது பிள்ளை, நான்கைச் சிறுவயதிலேயே புதைத்தார்கள், மிஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். 2015 அக்டோபரில் கணவன் மனைவியை ஒன்றாகவே புனிதராக உயர்த்தினார்கள். அன்று சாப்பாட்டு மேஜையில் கஞ்சிக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நான் நிறுத்திவிட்டேன். கதவு அடைபட்டது அவர்களுக்குத் தோல்வியாக முடியவில்லையே என்று தோன்றியது. அடுத்த ஃபாதர் யாராவது இதைப் படித்தால், முதல் வகுப்பில் பதினைந்து நிமிடம் இவர்களுக்குக் கொடுங்கள்.

நட்சத்திரம் போடச் சொன்னால் 5க்கு மூன்றரை. சிஸ்டர் வகுப்புக்கு மட்டும் தனியாக 5. போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கல்யாணத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் போகாதீர்கள், நான்கைந்து மாதம் முன்னாலேயே போய்விடுங்கள். பத்திரிகை அடித்த பிறகு அந்தத் தாளில் யாரும் உண்மை எழுத மாட்டார்கள். இரண்டு பேனா கொண்டு போங்கள், அங்கே கொடுக்கிற பேனா எழுதவில்லை. ஞாயிறு பூசைக்கு உள்ளூர்க் குடும்பங்களும் வருவார்கள், நல்ல சேலை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஞாயிறு மதியமே கையில் கிடைத்துவிடும், பெயர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

என் போல மடத்திலிருந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஓலை எழுதும்போது கேட்கும் முன்விசாரணைக் கேள்விகளைக் கண்டு பயப்பட வேண்டாம். மடத்தில் நிரந்தரக் கற்பு வார்த்தைப்பாடு எடுத்திருந்தால் அது திருமணத்துக்குத் தடை, அதற்கு விலக்கு வாங்க வேண்டும். வார்த்தைப்பாடே எடுக்காமல் வந்த எனக்கு அது ஒன்றும் இல்லை. எங்கள் பங்குச் சாமி ஒரு வரியில் எழுதிக்கொண்டு, "நல்ல ட்ரெயினிங் எடுத்துட்டு வந்திருக்க" என்றார்.

முதல் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வரும் ஞாயிறு. ஆரணியில் எடுத்த சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருக்கிறேன். மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு அம்மாவே போன் செய்து கூப்பிட்டார், அவர் இரண்டு நவகன்னியரையும் அழைத்துக்கொண்டு முதல் நாள் இரவே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு எங்கள் வீட்டு மெத்தையில் படுக்கை. நேற்று அம்மா கோவிலுக்குப் போய் உபதேசியாரிடம் முன்வரிசையில் நாலு நாற்காலி தனியாகப் போடச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேர்தானே வருகிறார்கள், நாலாவது யாருக்கு என்று கேட்டேன். எனக்கு என்றார்.